என் மாமியார் தரையை விட்டு எழும்பிய விதம்

உயிரோடு இருக்கிற ஆளைத் தராசில் ஏற்றினால், ஏறிய எடைக்கு எடை சாமிக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். என் மாமியார் வீட்டில் இது சட்டம். தராசுத் தட்டில் மனிதர் உட்காருவது துலாபாரத்துக்கு மட்டும்தான். சும்மா ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினால் சாமியை ஏமாற்றியது போல. ஏமாந்த சாமி வேறு வழியில் வாங்கிக்கொள்ளும் என்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு ஏரோப்ளேன் எங்கள் குளத்துச் சகதியில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றதற்கு எல்லோரும் மழையைத்தான் குறை சொல்வீர்கள். மழையும் கொஞ்சம் காரணம்தான். மீதிக் காரணம் நான். அதற்கும் மேலே ஒன்று உண்டு, அது பின்னால் உருண்டு வரும்.

எங்கள் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. நான் வாழ்க்கைப்பட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பதினேழு வயது. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, என்னை அடையாளம் கண்டுபிடித்து, திரும்பிப் போவார். வீட்டில் மாமனார், மாமியார், நான். மாமனாருக்குக் குளத்துக்குக் கீழே நல்ல வயல் இருந்தது. மாமியாருக்கு நல்ல உடம்பு இருந்தது. குற்றமாகச் சொல்லவில்லை. வில்வண்டியில் அவர் பின்பக்கமாக ஏறினால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை விட்டு மேலே எழும்பிவிடும். அதனால் வண்டிக்காரர் நுகத்தடியில் தொங்கிக்கொண்டு நிற்பார். மாமியார் ஏறி, முன்னால் நகர்ந்து உட்கார்ந்த பிறகுதான் கையை எடுப்பார். நான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எடை என்றால் என்ன, அது எங்கே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் பொய் சொன்னேன்.

யுத்தம் வருவதற்கு முந்தைய காலம் அது. அந்த வருஷம் சாரல் தாமதம். குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்த பெரிய இடத்து ஆட்கள் காய்ந்த பாறையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் இருப்பார்கள்? அவர்களில் ஒருவர் யாருக்கோ தந்தி அடித்து ஒரு ஏரோப்ளேனை வரவழைத்தார். ஆளை ஏற்றி, மலையையும் அருவியையும் சுற்றிக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்களாம். அதற்குச் சமதரை வேண்டும். எங்கள் குளம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்தது. மாமனார் நாலு ஜோடி மாடு கட்டி, நடவுக்கு முன்னால் வயலைப் பரம்படிப்பது போலக் குளத்தைப் பரம்படித்து மட்டம் பண்ணிக் கொடுத்தார். மடைக்குப் பக்கத்தில் எருமைகள் புரளுகிற சகதி மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டினார்கள். அந்தத் துணிக்கு முன்னாலேயே ஏரோப்ளேன் எழும்பிவிட வேண்டும் என்று கணக்கு.

ஏரோப்ளேன் வந்த அன்று ஊரில் அடுப்பு எரியவில்லை. மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, நடுவில் குச்சிகள், எல்லாவற்றுக்கும் மேலே துணி போர்த்தியிருந்தது. ஆள் உட்கார இரண்டு குழி. எங்கள் வில்வண்டி இதைவிட உறுதி. ஓட்டுகிறவர் பம்பாய்ப் பக்கத்து இளைஞர், நல்ல சிவப்பு, ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. கூட வந்த மெக்கானிக் மதுரைக்காரர். அவர் வாயால்தான் எல்லாப் பேச்சும்.

இரண்டு நாள் பங்களா ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். இறங்கியவர்கள் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகி, தெரியாதவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இம்புட்டு ஒத்தாசை பண்ணியிருக்கீங்க. உங்க வீட்டுல ஒருத்தரைச் சும்மா ஏத்திட்டுப் போகச் சொல்லி சாரு சொல்லிட்டாரு."

மாமனார் உடனே வயிற்றைத் தடவினார். "எனக்கு ரெண்டு நாளா வயிறு ஒரு மாதிரியா இருக்கு."

"வயிறு சரியில்லன்னா கீழ இருங்க," என்றார் மாமியார். "நான் போறேன்."

"நீயா? முருங்கைக்கா பறிக்க ஏணியில ஏறச் சொன்னா கத்துவ."

"ஏணியில நாமல்லா ஏறணும். இதுல அவன் ஏத்திட்டுப் போறான்." பிறகு மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டார். "செங்கோட்டை மேல போவுமா?"

"குத்தாலத்தைச் சுத்துனா செங்கோட்டை பக்கந்தானேம்மா. காட்டச் சொல்றேன்."

"ரொம்ப உசரத்துல போவப்படாது. வூட்டு முத்தமும் கெணறும் தெரியணும்."

செங்கோட்டை என்றதும் மாமனார் வாயை மூடிக்கொண்டார். ஏன் என்று எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். மாமியாரின் தங்கை செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜா சீமை. ஆறு மைல்தான் தூரம், ஆனாலும் வேறு ராஜ்ஜியம். அந்தப் பெருமை சின்ன அத்தைக்கு நிறைய உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில், தான் ரயிலில் மலைக்குகைக்குள் புகுந்து கொல்லம் வரை போய்வந்ததைச் சொல்லிவிட்டு, "எங்க அக்காவுக்குத் தென்காசி ஆனைப்பாலந் தாண்டுனாலே வெளியூரு" என்று சொல்லியிருக்கிறார். பந்தி சிரித்துவிட்டது. மாமியார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, "இனிமே உன் வாசப்படிய மிதிச்சா நான் எங்க அம்மைக்குப் பொறக்கல" என்றாராம். "நீ கூப்பிடாம நானும் அங்கன வரமாட்டேன்" என்றாராம் தங்கை. அதோடு சரி. ஒருத்தர் மிதிக்கவில்லை, ஒருத்தர் கூப்பிடவில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பலாமரம் இருந்தது. அக்கா தங்கை இரண்டு பேரையும் பெற்றவர் கொடுத்த விதையில் முளைத்தது. வருஷா வருஷம் முதல் பழம் செங்கோட்டைக்குப் போகும். சண்டைக்குப் பிறகு முதல் பழத்தை மாட்டுக்கு வைத்தார்கள். மாடுகள் அந்த மூன்று வருஷமும் யாரோடும் சண்டை வேண்டாம் என்று இருந்தன.

ஆக, மாமியார் எதற்காக ஏறுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. தங்கை தலைக்கு மேலே பறந்து காட்டத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரயிலுக்குப் பதில் ஏரோப்ளேன்.

மறுநாள் விடியும்போது லேசாகச் சாரல் விழுந்தது. ஒரு மாதமாக வராத சாரல், வந்ததுதான் வந்தது, அன்றைக்கு வந்தது. வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். ஓட்டுகிறவர் நடந்து நடந்து மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தார். மேலே காய்ந்திருந்தது. கீழே எப்படி இருக்கிறது என்று மண் சொல்லவில்லை.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏறுகிற ஆளை நிறுத்துப் பார்க்காமல் ஏற்ற மாட்டார்கள். புளி மண்டியிலிருந்து பெரிய தராசு ஒன்றைக் கொண்டுவந்து, மூன்று கம்பு நட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். பங்களா ஆட்கள் அதில் சிரித்துக்கொண்டே ஏறி நின்றார்கள். என் மாமியார் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அம்மா, சித்த இதுல ஏறி நில்லுங்க," என்றார் மெக்கானிக்.

"எதுக்கு?"

"எம்புட்டுக் கனம்னு பாக்கணும்."

"நான் என்ன புளியா?"

"எல்லாரையும் நிறுத்துத்தாம்மா ஏத்துறோம். சாரு ரொம்பக் கண்டிப்பு."

"எங்க வூட்டுல சாமி முன்னாலதான் தட்டுல உக்காருவோம். உங்க சாரு சாமியா?"

மெக்கானிக் திரும்பி இந்துஸ்தானியில் என்னவோ சொன்னார். ஓட்டுகிறவர் சிரித்துக்கொண்டு, தான் சாமி இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார். கூட்டத்தில் யாரோ, "ஏத்திருங்கய்யா, தராசு அறுந்துட்டா புளிக்காரன் சண்டைக்கு வருவான்" என்றார்கள். மாமியார் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் குரல் அப்புறம் கேட்கவில்லை.

கடைசியில் மெக்கானிக் இறங்கிவந்தார். "சரி, ஏற வேண்டாம். குத்துமதிப்பா எம்புட்டு இருப்பீங்கன்னாவது சொல்லுங்க."

"அத என்னட்ட கேட்டா? நானா என்னையத் தூக்கிப் பாத்தேன்? மருமவட்ட கேளு."

எல்லாக் கண்களும் என் மேல் விழுந்தன. மாமியாருக்கு வாரா வாரம் எண்ணெய் தேய்த்துவிட்டு, குளிக்கிற மனையிலிருந்து கை கொடுத்து எழுப்புகிறவள் நான். கொஞ்சம் கூடக்குறைய இருநூறு ராத்தல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஊரே நிற்கிறது. மாமியார் என்னையே பார்க்கிறார். அந்தக் கண்ணுக்கு முன்னால் உண்மையைச் சொல்லக்கூடிய மருமகள் எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை.

"நூத்திப்பத்து ராத்தல் இருப்பாவ," என்றேன்.

நூற்றுப்பத்து ராத்தல் என்பது நானும் என் இடுப்புக் குடமும் சேர்ந்த எடை.

மெக்கானிக் மாமியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நூத்திப்பத்தா?"

"சேல ரொம்பத் தடிப்பு. அதான் அப்படித் தெரியுது."

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். முகத்தில் ஒரு நிறைவு. பக்கத்தில் நின்ற மாமனார், "நூத்திப்பத்துதானா, சரி" என்று தலையாட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணிய மனிதர்.

மேலே குளிரும் என்று ஓட்டுகிறவர் ஒரு கம்பளி கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு மாமியார் எங்கள் வண்டிப் பக்கம் போனார். வெற்றிலைப் பெட்டியை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கம்பளியைக் கழுத்திலிருந்து முழங்கால் வரை சுற்றியிருந்தார். வயிற்றுப் பக்கம் மடிப்பு மடிப்பாக, ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி போலத் தெரிந்தது. கம்பளி கட்டத் தெரியாமல் கட்டியிருக்கிறார் என்று விட்டுவிட்டேன். நாலு பேர் முக்காலி போட்டு முன்குழியில் ஏற்றினார்கள். உட்கார்ந்ததும் ஏரோப்ளேன் ஒரு பெருமூச்சு விட்டது. வார் கட்டினார்கள். மாமியார் கண்ணை மூடி, கம்பளிக்குள் இரண்டு கையையும் கோத்துக்கொண்டார்.

மெக்கானிக், ஏரோப்ளேன் மூக்கில் இருந்த காற்றாடியைக் கையால் சுற்றிவிட்டு விலகி ஓடினார். ஒரு சத்தம் கிளம்பியது. எங்கள் மாடுகள் வண்டியோடு திரும்பி வீட்டுக்குப் போய்விட்டன. ஏரோப்ளேன் ஓட ஆரம்பித்தது. முந்தின இரண்டு நாளும் அது எந்த இடத்தில் தரையை விடும் என்று எனக்குத் தெரியும். முள்ளோடு ஒற்றை உடைமரம் நிற்கும், அதற்கு நேராக. உடைமரம் வந்தது. போனது. சக்கரம் மண்ணிலேயே இருந்தது. வால் மட்டும் எழும்புவதும் அமுங்குவதுமாக இருந்தது.

சிவப்புத் துணியும் போனது. அப்புறம் ஒரே ஒரு துள்ளல், அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி துள்ளுவது போல. அவ்வளவுதான். சக்கரங்கள் எருமைச் சகதிக்குள் போயின. சகதி பிடித்துக்கொண்டது. மூக்கு கீழே, வால் மேலே. காற்றாடி உடைகிற சத்தம் கேட்டது, பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

நான் ஓடினேன். சேலை தடுக்கித் தடுக்கி ஓடினேன். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. அத்தை செத்துப்போயிருந்தால், கொழும்பிலிருந்து வருகிறவரிடம் என்ன சொல்வேன்? உங்கள் அம்மையை நூற்றுப்பத்து ராத்தல் என்று சொல்லிக் கொன்றுவிட்டேன் என்றா? பண்பொழி மலை மேலிருக்கிற திருமலைக் குமாரனை நினைத்துக்கொண்டேன். அத்தையை உயிரோடு எழுப்பிக் கொடுத்தால் எடைக்கு எடை வெல்லம் போடுகிறேன் என்று வேண்டினேன். உண்மையான எடைக்கு, என்றும் சேர்த்துச் சொன்னேன். முருகனிடம் போய் நூற்றுப்பத்து என்று சொல்லவா முடியும்?

ஓட்டுகிறவர் நெற்றியில் சிராய்ப்போடு இறக்கையில் கால் வைத்து, மாமியாரின் வாரை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் முன்பக்கமாகச் சாய்ந்து வாரில் தொங்கிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. உதடு அசையவில்லை. எனக்குக் கால் சகதியில் புதைந்து நின்றுவிட்டது.

அப்போது குரல் வந்தது. "ஏட்டி."

"அத்த, நான் இங்கனதான் இருக்கேன்."

"நீயும் வந்துட்டியா?" கண்ணைத் திறக்கவே இல்லை. "செங்கோட்டை வந்துட்டா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கண்ணத் தொறங்க அத்த."

"தொறந்தா தல சுத்தும். முத்தம் தெரிஞ்சா சொல்லு. போடணும்."

"என்னத்தப் போடணும்?"

மாமியார் மடியைத் தடவினார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகுதான் கண்ணைத் திறந்தார். "பழத்தக் காணும்," என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஏரோப்ளேனின் உடைந்த மூக்குக்கு அந்தப் பக்கம், சகதியில் பாதி புதைந்து, வாயைப் பிளந்துகொண்டு ஒரு பலாப்பழம் கிடந்தது. அந்த வருஷத்து முதல் பழம். நாற்பது ராத்தலுக்குக் குறையாது. பெட்ரோல் வாடையைத் தாண்டி அதன் வாசம் வந்துகொண்டிருந்தது.

ஆறு பேர் சேர்ந்து மாமியாரை இறக்கிக் கரையில் உட்காரவைத்தார்கள். முழங்காலில் ஒரு வீக்கம், வேறு ஒன்றும் இல்லை. மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டு, வீங்காத முழங்காலை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"அது இல்ல, அடுத்தது," என்றார் மாமியார்.

மெக்கானிக் பலாப்பழத்தைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவந்தார். "இதை எதுக்கும்மா மடியில வச்சிருந்தீங்க?"

"தங்கச்சிக்கு."

"தங்கச்சிக்கா? வண்டியில குடுத்து அனுப்ப வேண்டியதுதானே?"

"அனுப்புனா நான் எறங்கிப் போனதால்லா ஆவும். வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். மேலேருந்து போட்டா மிதிச்சதாவுமா?"

மெக்கானிக் கையிலிருந்த பழத்தை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா, அது யாரு தலையிலயாவது விழுந்திருந்தா?"

"எனக்குக் குறி தெரியாதா? கெணத்துப் பக்கமாத்தான் போடணும்னு நெனச்சிருந்தேன். அங்கன யாரும் நிக்க மாட்டாவ."

அவர் இதை ஓட்டுகிறவருக்குச் சொன்னார். நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளை சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் ஏரோப்ளேன் தலைகீழாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். உயிரோடு இருக்கிறவர்கள்தான் அப்படிச் சிரிக்க முடியும்.

மெக்கானிக் மெதுவாக என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார். "நூத்திப்பத்து ராத்தல்னு சொன்னது நீதானேம்மா?"

"அது பழத்தைச் சேக்காம," என்றேன்.

அவர் பழத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். காட்டிக்கொடுக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மதுரைக்காரருக்கு ஒரு கும்பிடு.

சாயங்காலத்துக்குள் சேதி செங்கோட்டைக்குப் போய்விட்டது. போகிற வழியில் அது வளர்ந்தும்விட்டது. அக்கா வானத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சின்ன அத்தைக்குச் சொல்லியிருக்கிறார்கள். தெரு முனையிலிருந்தே ஒப்பாரி கேட்டது. வண்டி நிற்பதற்குள் குதித்து, தலைமுடி அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். கூடத்தில் மாமியார் முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்.

ஒப்பாரி பாதியில் நின்றது.

"யக்கா, நீ செத்துப்போயிட்டேன்னுல்லா சொன்னானுவ."

"கூப்பிடாம வரமாட்டேன்னு சொன்ன?"

"சாவுக்கு யாரு கூப்பிடுவா?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியார் தட்டைத் தள்ளினார்.

"இந்தா, மொதப் பழம். கொஞ்சம் சகதி பட்டது. மருமவ கழுவித்தான் வச்சிருக்கா."

சின்ன அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு சுளையை வாயில் போட்டார். மென்றார். "சொள சின்னதாப் போச்சு."

"உன் வாய் பெருசாப் போச்சு."

பிறகு பேச்சு நிற்கவே இல்லை. மூன்று வருஷப் பேச்சு. அழுகை, சிரிப்பு, யார் யார் செத்தார்கள், யாருக்கு எத்தனை பிள்ளை எல்லாம் முடிந்தபோது பழத்தில் தோலும் சடையும் மட்டும்தான் மிச்சம். எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் கவனித்துவிட்டார்.

"நீ ஏன்ட்டி பேயடிச்சாப்ல இருக்க? நான்லா விழுந்தேன்?"

வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். எடையைப் பற்றிய பாதியைச் சொல்லவில்லை.

"எடைக்கு எட வெல்லமா?" மாமியார் என் முகத்தைப் பார்த்தபடி சுளைக் கொட்டையை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். "சரி. வேண்டுனா செய்யணும்லா."

ஏரோப்ளேனைக் கழற்றி இரண்டு மாட்டுவண்டியில் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள். அது அந்த வாரம். முழங்கால் சரியானதும் ஒரு நல்ல நாள் பார்த்து நாங்கள் பண்பொழிக்குப் புறப்பட்டோம். முதல் நாளே செங்கோட்டையில் தங்கல். வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்ன சொல் ஒன்று இருந்ததே. சின்ன அத்தை வாசற்படி மேல் ஒரு பலகையைப் போட்டுவைத்திருந்தார். மாமியார் பலகையை மிதித்து உள்ளே போனார். சொன்ன சொல்லும் பிழைத்தது, சாப்பாடும் கிடைத்தது.

மாமனார் வெல்லம் வாங்கிவந்திருந்தார். எவ்வளவு என்று எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. பார்க்காமலே தெரியும். நூற்றுப்பத்து ராத்தல். கூட ஒரு ராத்தல், முருகனுக்குத் தாராளமாக இருக்கட்டும் என்று. எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். "மாமா, இன்னும் கொஞ்சம் வாங்கிருவமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "எதுக்கு? நீதான சொன்ன?" என்றார். நான்தான் சொன்னேன்.

மலைப்படி ஏறும்போது மாமியார் பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். வெல்லம் சுமந்த ஆட்கள் எங்களை முந்திப் போனார்கள். சின்ன அத்தை வீட்டு ஆட்கள் இரண்டு பேர் தலையில் சாக்கு மூட்டையோடு பின்னால் வந்தார்கள். அது என்ன என்று கேட்டேன். "சும்மா, கோயிலுக்கு" என்றார் சின்ன அத்தை.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. மண்டபத்தில் துலாபாரத் தராசு. இந்தத் தராசில் மாமியார் ஒரு வார்த்தை பேசாமல், கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். எதிர்த்தட்டில் வெல்லத்தை அடுக்கினார்கள். அடுக்கினார்கள். மூட்டை காலியானது. கடைசி அச்சையும் வைத்தார்கள்.

மாமியார் உட்கார்ந்த தட்டு தரையோடு தரையாக இருந்தது. அசையக்கூட இல்லை. எனக்கு உடைமரமும் சிவப்புத் துணியும் ஞாபகம் வந்தன.

பூசாரி வெல்லத்தைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். "எவ்வளவுன்னு கணக்குப் பண்ணி வாங்குனிய?"

மாமனார் என்னைப் பார்த்தார். சுமந்துவந்த ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். உள்ளே இருந்து முருகனும் பார்த்திருப்பார். என் வேண்டுதல், என் பொய், இரண்டும் ஒரே தராசில் உட்கார்ந்திருந்தன. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

தட்டிலிருந்து மாமியார் குரல் வந்தது. கண் மூடியபடியே. "எம் மருமவ சொன்ன கணக்கு. அது தப்பாது. தராசு துருப்பிடிச்சிருக்கும், எண்ணெ போடச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குளத்தில் என்னைப் பார்த்த அந்தப் பார்வை பயமுறுத்துகிற பார்வை இல்லை. கெஞ்சுகிற பார்வை. நான் இருநூறு என்று சொல்லியிருந்தால் அந்தப் பம்பாய்ப் பிள்ளை அவரை ஏற்றியிருக்க மாட்டார். பழம் மாட்டுக்குப் போயிருக்கும்.

சின்ன அத்தை சாக்கை அவிழ்த்தார். உள்ளே சின்னச் சின்னப் பலாப்பழங்கள். "எங்க அக்காள எனக்குத் தெரியாதா?" என்றார் என் காதில். "நூத்திப்பத்தாம்ல. அவ பன்னெண்டு வயசுல நூத்திப்பத்து."

"வெல்லத்தோட பலாப்பழமா?" என்று பூசாரி இழுத்தார்.

"ரெண்டும் இனிப்புதான. சாமி கோவிச்சுக்கிடாது."

ஒரு பழம் வைத்தார்கள். சங்கிலி முனகியது. இரண்டாவது. மூன்றாவது பழத்தை வைத்தபோது மாமியாரின் தட்டு லேசாக ஆடியது. நாலாவதுக்கு, மெதுவாக, வெகு மெதுவாக, தரைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு விரல் வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒரு சாண். என் மாமியார் தரையை விட்டு எழும்பிவிட்டார். நான் இழுத்துப் பிடித்திருந்த மூச்சு அன்றைக்குத்தான் முழுசாக வெளியே வந்தது.

"ஏட்டி," என்றார். கண்ணை இன்னும் திறக்கவில்லை. "மேல போயிட்டனா?"

"போயிட்டிய அத்த."

"செங்கோட்டை தெரியுதா?"

மண்டபத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். கீழே வயல், தென்னை, அதற்கு அப்பால் செங்கோட்டை ஓட்டுக்கூரைகள் வெயிலில் கிடந்தன.

"நல்லாத் தெரியுது. கண்ணத் தொறங்க."

மாமியார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். எதிரே தங்கை நின்றுகொண்டிருந்தார், மிச்சமிருந்த ஒரு பழத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. அந்தக் கண் அங்கேயே நின்றுவிட்டது. செங்கோட்டைப் பக்கம் போகவே இல்லை.

"எறக்குங்க," என்றார் கடைசியில். "கால் மரத்துப்போச்சு."